யமஹா ஸ்டேஜ் கஸ்டம் பர்ச்: முதல் ஷோவில் கூடவே நின்ற ட்ரம் செட்

ட்ரம் செட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சவுண்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்ன மரம், எத்தனை அடுக்கு, கிக்கின் மேலே நிற்கிற டாம் ட்ரம்கள் எப்படி முழங்குகின்றன என்று. அதற்கு நான் அப்புறம் வருகிறேன். ஒரு பேண்டின் முதல் ஷோவில் ட்ரம்மருக்கு நல்ல சவுண்டைவிட நல்ல இரும்புதான் முக்கியம் என்பது என் கருத்து. ஸ்டாண்டு, கிளாம்ப், டாமைத் தாங்கும் கை, காலால் அடிக்கிற பெரிய ட்ரம்மான கிக்கின் கால் எல்லாமே நாம் நினைக்கிற இடத்துக்கு வர வேண்டும், வந்த பிறகு அங்கேயே நிற்க வேண்டும். யமஹாவின் ஸ்டேஜ் கஸ்டம் பர்ச் செட்டை நான் இவ்வளவு ஆதரித்து எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் முதல் ஷோ நடந்தது பெங்களூர் கோரமங்களாவில் ஒரு ப்ரூபப்பின் மொட்டை மாடியில். செட் பப்புக்குச் சொந்தமானது, வாசிக்க வருகிற எல்லா பேண்டுக்கும் அதே செட்தான். பப்பின் பெயரை நான் போடவில்லை. அங்கே சில விஷயங்கள் சரியில்லை, அதையும் எழுதப் போகிறேன், ஆனால் அதே குறைகளை இந்த ஊரில் வாசிக்கிற யாரிடம் கேட்டாலும் வேறு வேறு இடங்களின் பெயரோடு சொல்வார்கள். விமர்சனம் செட்டுக்குத்தான், பப்புக்கு இல்லை.

எங்கள் பேண்டில் ஐந்து பேர். அல்சூர், ஃப்ரேசர் டவுன், விவேக்நகர் என்று ஆளுக்கொரு பக்கம் இருந்து வருகிற தமிழ்ப் பசங்கள். லிங்கராஜபுரத்தில் ஒரு ஜாம் ரூமில் மணிக்கணக்கு வாடகைக்குப் பழகி, எண்பது தொண்ணூறுகளின் தமிழ் சினிமாப் பாட்டுகளைக் கொஞ்சம் ராக் பக்கமாக இழுத்து வாசிக்கிறோம், நடுவில் எங்கள் சொந்தப் பாட்டும் உண்டு. நான் ட்ரம்ஸ் கற்றது சிவாஜிநகர் பக்கம் ஒரு சர்ச்சில், தமிழ் ஆராதனைக்கு வாசிக்கிற குழுவில். பெங்களூரில் தமிழ் ட்ரம்மர்களைக் கேட்டுப் பாருங்கள், சர்ச்சில் ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 2007 மார்ச்சில் இங்கிலாந்தின் மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டன் இங்கே பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது என் அண்ணன் போய்விட்டு வந்து நாள்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தான், எனக்கு ஆசை வந்தது அப்போதுதான். சர்ச்சில் ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிதார் வாசிக்கிறவன் தன் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறான். பேஸும் அப்படித்தான், கீபோர்டும் அப்படித்தான். வருஷக்கணக்கில் தன் கை பழகிய கருவியை எடுத்து அப்படியே மேடை ஏறிவிடலாம். ட்ரம்மர் மட்டும்தான் முதல் தடவை மேடை ஏறும் நாளில் அடுத்தவன் கருவியில் உட்கார வேண்டியிருக்கிறது. மடிக்கு முன்னால் வைக்கிற ஸ்னேர் ட்ரம், சிம்பல், பெடல், ஸ்டிக் ஆகியவற்றை நாம் கொண்டு போகிறோம், மேடை வட்டாரத்தில் இதை பிரேக்கபிள்ஸ் என்பார்கள். மிச்சமெல்லாம் அங்கே என்ன இருக்கிறதோ அதுதான். ஸ்னேரிலிருந்து முதல் டாமுக்கு எவ்வளவு தூரம், தரையில் நிற்கிற ஃப்ளோர் டாம் முழங்காலுக்கு மேலேயா கீழேயா, டாமின் முகம் நம் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் நாம் யோசித்து வாசிப்பதில்லை. கைக்குத் தெரியும். அந்தத் தூரங்கள் ஒரு விரற்கடை மாறினால் ஜாம் ரூமில் சிரித்துக்கொண்டே சமாளிக்கலாம். கூட்டத்துக்கு முன்னால், முதல் பாட்டில், ரோல் போகும்போது ஸ்டிக் ட்ரம்மின் விளிம்பான ரிம்மில் இடிக்கும்.

அன்றைக்கு இருந்த செட் ஐந்து பீஸ். கிக் 22 இன்ச், டாம்கள் 10-ம் 12-ம், ஃப்ளோர் டாம் 16, ஸ்னேர் 14. ஸ்டேஜ் கஸ்டம் விற்கிற வழக்கமான அளவுதான் இது. நான் சொந்த ஸ்னேர் கொண்டு போயிருந்ததால் அவர்களுடையதைத் தொடவில்லை. எங்களுக்கு முன்னால் வாசித்த பேண்டின் ட்ரம்மர் நல்ல உயரம், டாம்களைத் தூக்கி ஏறக்குறைய கிடைமட்டமாக வைத்திருந்தார். நான் உயரம் குறைவு, எனக்கு டாம் தாழ்ந்து என் பக்கம் சாய வேண்டும். அவர்கள் முடித்து இறங்கியதிலிருந்து நாங்கள் ஆரம்பிப்பதற்குள் இருந்த இடைவெளியில் இவ்வளவையும் மாற்றியாக வேண்டும்.

இங்கேதான் யமஹாவின் டாம் ஹோல்டருக்கு ஒரு கும்பிடு. பல செட்களில் டாம் சாய்வதற்குப் பல்சக்கரம் மாதிரி ஒரு பூட்டு இருக்கும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் நமக்கு வேண்டிய சாய்வு மாட்டிக்கொள்ளும், ஒன்று அதிகம், இல்லையென்றால் கம்மி. யமஹாவில் கையின் மடக்கில் ஒரு உருண்டை இருக்கிறது, கெட்டியான ரெசினில் செய்தது, ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். விங் நட்டைத் தளர்த்தினால் டாம் எந்தப் பக்கமும் திரும்பும், சாயும், நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி இறுக்கலாம். டாமுக்குள் போகிற கம்பி அறுகோணமாக இருப்பதால் இறுக்கிய பிறகு டாம் அச்சில் சுற்றாது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இடது கையால் டாமைப் பிடித்து, வலது கையால் நட்டைத் திருகி, ஸ்டிக்கை ஸ்னேரிலிருந்து டாமுக்குக் கொண்டு போய்ப் பார்த்து, இன்னும் ஒரு நூல் சாய்த்து இறுக்கினேன். இரண்டு டாமும் முடிந்தபோது கிதார்காரன் இன்னும் பெடல்போர்டுக்கு கரண்ட் தேடிக்கொண்டிருந்தான். ஷோ முடிகிற வரை அந்தச் சாய்வு இம்மி மாறவில்லை. நான் மென்மையாக வாசிக்கிறவனும் இல்லை.

கிக்கின் மேலே இருக்கிற அந்த ஹோல்டரில் இரண்டு டாம் கைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு துளை உண்டு. கவ்பெல் என்கிற தட்டுமணியோ சின்ன சிம்பல் கையோ அதில் செருகலாம். சின்ன மேடையில் ஒரு ஸ்டாண்டின் மூன்று காலுக்கு இடம் மிச்சமாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பேஸ்காரன் முழங்கால் உங்கள் சிம்பலில் உரசும்போது தெரியும். நான் அதில் கவ்பெல் மாட்டினேன். எங்கள் பாட்டுகளில் ஒன்றுக்கு அது இல்லாமல் முடியாது.

ஃப்ளோர் டாமின் மூன்று கால்களும் சரியாக இறங்கின, சரியாகப் பிடித்தன. ஸ்டூல் பப்புடையது, அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நட்டின் மரை தேய்ந்து, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மெல்லக் கீழே இறங்கியது. காலால் திறந்து மூடுகிற ஜோடி சிம்பலான ஹை-ஹாட்டின் ஸ்டாண்டில், மேல் சிம்பலைப் பிடிக்கிற கிளட்ச் இல்லை. சிம்பல் ஸ்டாண்டு ஒன்றில் சிம்பலுக்கு மெத்தையாக வைக்கிற ஃபெல்ட்டும் இல்லை, மேல் நட்டும் இல்லை, யாரோ டேப் சுற்றி வைத்திருந்தார்கள். நல்ல செட்டை வாங்கிப் போட்டுவிட்டு நூறு இருநூறு ரூபாய் சாமானைப் பார்க்காமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை. ஒரு மேனேஜர் மாதம் ஒரு தடவை கைநிறைய ஃபெல்ட்டும் நட்டும் வாங்கிப் போட்டால் போதும். என் பையில் உபரி கிளட்ச், ஃபெல்ட், விங் நட், ட்ரம் கீ எல்லாம் இருந்ததால் பிரச்சினை இல்லாமல் போயிற்று. சர்ச்சில் எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன், ஸ்டிக்கை மறந்தாலும் பரவாயில்லை, அது யாரிடமும் கிடைக்கும், கிளட்ச்சை மறக்காதே என்பார்.

சரி, சவுண்ட். ஸ்டேஜ் கஸ்டமின் ஷெல், அதாவது ட்ரம்மின் உடல், ஆறு அடுக்கு, முழுக்கப் பர்ச் மரம். பர்ச்சின் குணம் என்னவென்றால் நடுப்பகுதி ஸ்தாயி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும், அடியும் உச்சியும் முன்னால் வரும், ஒலி நீண்டு இழுபடாமல் சீக்கிரம் அடங்கும். எண்பதுகளில் ஸ்டுடியோக்காரர்கள் விரும்பிய யமஹா ரெக்கார்டிங் கஸ்டமும் பர்ச்தான், அந்தப் பெரிய செட்டின் குணத்தில் ஒரு பங்கு இந்த எளிய செட்டிலும் இருக்கிறது. மொட்டை மாடியில், பின்னால் கண்ணாடித் தடுப்பு, பக்கத்தில் தகரக் கூரை இருக்கிற இடத்தில், இந்தச் சீக்கிரம் அடங்குகிற குணம் பெரிய வரம். மேப்பிள் செட்டாக இருந்திருந்தால் டாம் முழக்கம் கூடுதலாக இழுத்து, அதன் மேல் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற ஒலியும் சேர்ந்து, பாடுகிறவள் குரலை மூடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் மரம் பேச வேண்டுமென்றால் ஹெட், அதாவது ட்ரம்மின் மேலும் கீழும் இழுத்துக் கட்டுகிற தோல், உயிரோடு இருக்க வேண்டும். அங்கே டாம்களின் மேல் ஹெட் குழி விழுந்து, நடுவில் கோட்டிங் போய் வழுவழுவென்று இருந்தது. 12 இன்ச் டாமை விரலால் தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி கேட்டது. புதுசு மாற்ற நேரமும் இல்லை, பொருளும் இல்லை. ட்ரம் கீயை எடுத்து, ஹெட்டை இறுக்குகிற திருகு மாட்டும் லக்குகளில் எதிரெதிராகக் கால் சுற்று கால் சுற்றாக ஏற்றினேன், கீழ் ஹெட்டை மேலதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வைத்தேன். சுருக்கம் விழுந்த ஒரு லக் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அவ்வளவுதான், டாம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஷெல்லின் விளிம்பு ஒழுங்காக இருந்தால்தான் இப்படிச் செத்த ஹெட்டில்கூட ஸ்ருதி நிற்கும். டாமை ஷெல்லில் குறைந்தபட்ச இடத்தில் மட்டும் பிடிக்கிற யமஹாவின் யெஸ் மவுண்டும் இதற்கு உதவுகிறது, தாங்குகிற கையே டாமின் குரலை அமுக்குவதில்லை. ஃப்ளோர் டாமில் மட்டும் மிச்ச முழக்கத்துக்கு மூன்கெல் என்கிற ஒட்டும் ஜெல் துண்டு ஒன்றை ஒட்டினேன்.

சவுண்ட் செக்கில் எங்களுக்குக் கிடைத்த ஆள் ஸ்ரீராமபுரத்துக்காரர், தமிழ்தான். முதல் ஷோ என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, கிக் மட்டும் அடிங்க... நிறுத்தாம அடிங்க... பாட்டுல எவ்ளோ வேகமா அடிப்பீங்களோ அதே மாதிரி" என்றார். பிறகு ஸ்னேர், ஹை-ஹாட், ஒவ்வொரு டாமாக. "அண்ணா, மானிட்டர்ல பேஸும் வாய்ஸும் கொஞ்சம் கூட வைங்க" என்று கேட்டேன். மானிட்டர் என்பது வாசிக்கிறவர்கள் பக்கம் திரும்பியிருக்கிற ஸ்பீக்கர். "கிதார் வேணாமா?" "வேணாம்ணா, ஆம்ப் பக்கத்துலயே இருக்கு." அவர் சிரித்தார். ஸ்னேருக்கு ஷ்யூர் எஸ்எம்57 மைக், கிக்குக்குள் ஒரு பீட்டா 52ஏ மைக். டாமுக்கு அவர் ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவைத் தேடித் திருக வேண்டிய அவசியமே வரவில்லை, "இந்த செட்ல நான் எதையும் வெட்ட வேணாம் தம்பி, அதுவே வெட்டிக் குடுத்துடும்" என்றார். ஸ்டேஜ் கஸ்டமைப் பற்றி இதுவரை நான் படித்த எந்த விமர்சனத்திலும் இதைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை.

நேர நெருக்கடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் வாசிப்பவர்களுக்கு இது அன்றாடச் சங்கதி. ஒலி மாசு தொடர்பான 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. 2010-இல் திருத்தியபோது இசைக்கருவிகளையும் அதில் சேர்த்துவிட்டார்கள், அதனால் மைக்கை அணைத்துவிட்டு வெறும் ட்ரம்ஸ் வாசிக்கிறேன் என்று சமாளிக்கவும் முடியாது. முன்னால் வாசிக்கிற பேண்ட் இழுத்தால் அந்த நேரம் நம் பாட்டிலிருந்துதான் போகும், நாம் செட்டைச் சரிசெய்ய எடுக்கிற நேரமும் அப்படியே. அக்கம்பக்கத்தில் குழந்தைகளும் வயசானவர்களும் தூங்க வேண்டும், விதி சரியானதுதான். அதனால்தான் திரும்பத் திரும்ப இரும்பைப் பற்றிப் பேசுகிறேன். சட்டென்று சரியாகிற செட் நமக்கு ஒரு பாட்டு சம்பாதித்துக் கொடுக்கும்.

ஷோவில் ஒரே ஒரு தொந்தரவு. மேடையில் கார்ப்பெட் இல்லை, வழவழப்பான டைல்ஸ். இரண்டாவது பாட்டு பாதி போவதற்குள் கிக் என்னைவிட்டு நகர ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல். பெடல் அதோடு போகிறது, என் கால் நீள்கிறது, டாம்களும் கிக்கின் மேலே இருப்பதால் அவையும் சேர்ந்து போகின்றன. சரிசெய்த தூரமெல்லாம் கண்ணெதிரே கலைகிறது. பாட்டு முடிந்ததும் கீழே குனிந்து கிக்கின் இரண்டு முன்கால்களையும் பார்த்தேன். ரப்பர் முனையைத் திருகி உள்ளே தள்ளினால் கூர்முனை வெளியே வரும், ஆனால் டைல்ஸில் கூர்முனை என்ன செய்யும், இன்னும் வழுக்கும். அதனால் ரப்பரிலேயே விட்டு, கால்களை இன்னும் முன்னால் சாய்த்து எடை அவற்றின் மேல் விழும்படி இறுக்கினேன். சவுண்ட் அண்ணன் எங்கிருந்தோ ஒரு கான்கிரீட் கல்லைத் தூக்கி வந்து முன்னால் வைத்தார், அதன் மேல் கேஃபர் டேப்பைக் குறுக்காக ஒட்டினார். அப்புறம் கடைசி வரை அசையவில்லை. செட்டின் குறை இல்லை இது, எந்த செட்டும் வெறும் டைல்ஸில் நகரும். லைவ் மியூசிக் போடுகிற இடம் ஒரு கார்ப்பெட் வாங்கிப் போடாமல் இருப்பதற்கு மட்டும் எந்தச் சாக்கும் கிடையாது. ஆறடிக்கு ஆறடி போதும்.

அதன் பிறகு நடந்தது எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. நான்காவதோ ஐந்தாவதோ பாட்டு, ஆறெட்டுத் தாளத்தில் (6/8) போகிற பழைய மெலடி. அதை முடிக்காமல் அப்படியே குத்துக்கு மாற்றுகிற இடம் ஒன்று எங்கள் ஏற்பாட்டில் உண்டு, அங்கே மற்ற நாலு பேரும் நின்றுவிடுவார்கள், நான் மட்டும் ஃப்ளோர் டாமிலும் ஸ்னேரிலும் பறையடியின் நடையைப் பிடிப்பேன். ஜாம் ரூமில் இது நன்றாகத்தான் இருந்தது. மேடையில் 16 இன்ச் டாம் பீஏ ஸ்பீக்கர்கள் வழியாக வெளியே போய், மாடி முழுக்கப் பரவி, எதிரே மேஜைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்பதைப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. தமிழ் தெரியாதவர்கள்தான் பாதிக்கு மேல். கன்னடம் பேசுகிற ஒரு கும்பல் பார் பக்கத்தில் "மச்சா, இன்னொந்து சல!" (இன்னொரு தடவை!) என்று கத்தியது. நான் ஸ்டிக்கைப் பார்க்கவில்லை, டாமைப் பார்க்கவில்லை, பாடுகிறவள் முகத்தையும் பேஸ்காரன் கையையும் மட்டும் பார்த்துக்கொண்டு வாசித்தேன். பார்க்காமல் வாசிக்க முடிந்ததற்குக் காரணம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்ததுதான். எனக்கு இந்த செட் பிடித்துப்போன நிமிஷம் அது.

முதல் ஷோவில் கை ஓடும், வேகம் கூடும் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். அதற்கு ஹை-ஹாட் ஸ்டாண்டில் ஒரு சின்ன மெட்ரோனோமைக் கட்டி, சத்தத்தை அணைத்து, விளக்கு மட்டும் மினுக்கும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நாலு மினுக்கல் பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கை கொடுத்தேன். இது செட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் முதல் ஷோவுக்குப் போகிற யாருக்கும் சொல்வேன். காதுக்கு இயர்ப்ளக்கும் அப்படியே. வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் கணக்குப்படி 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும், 100-க்கு வந்தால் பதினைந்தே நிமிஷம். சிம்பலுக்கும் மானிட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் நாம்தான். எல்லா ஸ்தாயியையும் ஒரே அளவில் குறைக்கிற இசைக்காரர்களுக்கான ப்ளக்காகப் பார்த்து வாங்குங்கள், பஞ்சு வைத்தால் சிம்பல் செத்துவிடும், பேஸ் மட்டும் கேட்கும்.

யாருக்கு இந்த செட்? பழகுகிற காலத்தைத் தாண்டி மேடைக்கு வருகிறவர்களுக்கு, சர்ச்சுக்கு, ஜாம் ரூமுக்கு, ஒரு நாளில் நாலு ட்ரம்மர் உட்கார்ந்து எழுந்திருக்கிற பப்புக்கு. ஆளாளுக்கு உயரமும் சாய்வும் மாறுகிற இடத்தில் அந்த உருண்டை மவுண்டுக்கு ஈடு இந்த ரகத்தில் நான் பார்த்ததில்லை. சொந்தமாக வாங்குவதென்றால் கிக் 20, டாம்கள் 10, 12, ஃப்ளோர் டாம் 14 என்று சின்ன அளவிலும் கிடைக்கிறது. அபார்ட்மெண்டில் வைக்கவும், ஹேட்ச்பேக்கின் பின்சீட்டை மடக்கி ஏற்றவும், லிஃப்ட் இல்லாத பப்பின் படியில் தூக்கவும் அதுதான் வசதி. எங்களைப் போல ஃப்ளோர் டாமில் குத்து வாசிக்கிறவர்கள் மட்டும் 16-ஐ விடாதீர்கள், 14-இல் அந்த அடிவயிற்றுச் சத்தம் வராது. நீண்டு முழங்குகிற டாம்தான் வேண்டும், ஜாஸ் பக்கம் போகிறேன் என்பவர்கள் மேப்பிள் செட் ஒன்றையும் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வாங்கினால் கூட வருகிற ஹெட்டை முதலில் மாற்றிவிடுங்கள். டாமுக்கு ரெமோ எம்பரர் அல்லது எவன்ஸ் ஜி2, இரண்டுமே இரட்டை அடுக்கு, மேடை அடிக்குத் தாங்கும். பப்பில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் புக்கிங் பேசும்போதே என்ன செட், ஹெட் எப்போது மாற்றினது, கார்ப்பெட் இருக்கிறதா, ஸ்டூல் எப்படி என்று கேட்டுவிடுங்கள், முடிந்தால் அந்த செட்டின் ஒரு போட்டோவும் வாங்கிவிடுங்கள். நாங்கள் அடுத்த ஷோவுக்குப் பேசியபோது முதல் கேள்வியாக நான் கேட்டது கார்ப்பெட்டைத்தான்.